தெற்குச் சுவரில் இரண்டு கதவுகள்

ஆலையின் காவல் வாசலைத் தாண்டி ஒரு மைல் நடந்திருப்பேன். வலது கையில் பிரஷ்கள் போட்ட டின். இடது தோளில் போர்வைக்குள் சுருட்டிய துணிமணி. பிற்பகல் மூன்று மணி வெயில். சாலையின் இரண்டு பக்கமும் யாரோ எடுத்து அடுக்கியது போல ஒன்றின் மேல் ஒன்றாகப் பாறைகள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மேட்டுக்கு மேலே புதுக் கூடத்தின் கூரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதன் பிறகு உப்பளம், கிளப்புக்கடை, குண்டக்கல் ரயில் நிலையத்தில் பெட்டி கழுவும் வேலை என்று எதிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. பசியால் போயிருக்கிறேன், அடி வாங்கிப் போயிருக்கிறேன், காரணமே இல்லாமல் விடியற்காலையில் எழுந்து போயிருக்கிறேன். நான் எழுதி வைத்த எழுத்துக்குப் பயந்து போனது அன்று ஒருநாள்தான்.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. தச்சர். கூடத்தின் கதவுகளை எல்லாம் செய்து மாட்டியவர். ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம். அவருடைய தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பேச்சில் ஊர் உருதும் கலந்து வரும்: 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு, 'ஹவ்' என்றால் ஆமாம்.

"நில்லு பா! இன்னா ஓட்டம் இது, போலீஸ் தொரத்துதா?"

நின்றேன். மூச்சு வாங்க ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"இஞ்சினியர் சாரு கேக்கறாரு, பெயிண்டர் எங்கன்னு. இன்னா சொல்றது?"

"போயிட்டான்னு சொல்லுங்க."

"எங்க போயிட்டான்னு?"

"மாரெட்பள்ளிக்கு. ஆர்க்கிடெக்ட் வீட்டுக்கு."

"நக்கோ பா. கைக்கு உனக்கு இந்த வேல? எழுதச் சொன்னாங்க, நீ எழுதின. மாட்டச் சொன்னாங்க, நான் மாட்டினேன். டிராயிங்ல நாலு கதவு. ஃபைல்ல நாலு கதவு. செவுரு ஒண்ணுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நின்றது.

"நாளைக்குத் திறப்பு விழாவுக்கு உங்க வீட்லேர்ந்து வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"ஹவ். வேல செஞ்சவங்களுக்கெல்லாம் பாஸ் குடுத்துக்கீறாங்க. சம்சாரம், மூணு பசங்க." பெடலைக் காலால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "வடக்குப் பக்கமா உக்காரச் சொல்லிக்கீறேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஏன் வடக்குப் பக்கம் என்றார் என்பதைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் ஹைதராபாத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொதுத்துறை ஆலையும், அதை ஒட்டிக் குடியிருப்பும், நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ கம்பெனிப் பேருந்துகளும் இருந்தன. ராமச்சந்திராபுரத்தில் இருந்த மாதிரிப் பெரியது இல்லை நான் சொல்வது. வடக்கே, போயின்பள்ளிக்கும் அப்பால், சின்ன ஆலை. அதன் குடியிருப்பில் எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம், மருந்தகம், ரேஷன் கடை. ஆள் கூட ஓர் இடம் மட்டும் இல்லை. பள்ளி ஆண்டு விழா, கல்யாணம், சினிமா, இறகுப்பந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூடம் கட்டத் தீர்மானித்தார்கள். படம் வரைய செகந்திராபாத்தில் இருந்த ஒரு தமிழ் ஆர்க்கிடெக்டைப் பிடித்தார்கள்.

கட்டுமானம் பாதியில் இருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். டேப் பிடித்தேன், தண்ணீர் ஊற்றினேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும் என்று தெரிந்ததும் எண், பலகை, எழுத்து எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். தெலுங்கும் இந்தியும் எனக்குப் படிக்கத் தெரியாது. பார்த்து எழுதத் தெரியும். எழுதினால் படித்தவன் எழுதியது போலவே இருக்கும்.

கூடத்தின் படத்தை நான் பல நாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்திருக்கிறேன். எளிமையான படம். நீளவாக்கில் கிழக்கு மேற்காக ஒரு செவ்வகம். கிழக்குக் கோடியில் மேடை. மேற்குக் கோடியில் சினிமாப் பெட்டி வைக்கும் அறை. வடக்கே முகப்பு, சாலையைப் பார்த்து இரண்டு பெரிய கதவுகள். அவற்றுக்கு நேர் எதிரே தெற்கே இரண்டு பெரிய கதவுகள். தெற்குக் கதவுகளுக்கு வெளியே வெறும் வெள்ளையாக விட்டிருந்தார். திறந்த வெளி. ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். சர்வேக்காரர்கள் அவற்றுக்குப் பக்கத்தில் கற்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவை கற்கள்தாம். அந்த மேட்டில் முன்பு இருந்த கிராமத்தின் சுடுகாட்டுக் கற்கள். ஆலைக்கு நிலம் கொடுத்த அந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆகவே குடியிருப்பில் பாதிப் பேருக்கு அந்த இடம் என்னவென்று தெரியும். படம் போட்டவருக்கும் டெல்லியில் அதற்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

தெற்குச் சுவரில் கதவுக்கு இடம் விட்டுக் கட்டு எழும்பியதும் பெண்கள் வந்து பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுவாரம் தொழிலாளர் கமிட்டி ஆபீசுக்கு வந்தது. அந்தப் பக்கம் கதவு திறந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். தெற்கு எமன் திசை என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதையெல்லாம் விட எளிதாகச் சொன்னார். இடைவேளையில் எல்லாரும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய் என் அப்பனை எரித்த இடத்தில் நின்று கடலை தின்பார்கள், அது எனக்கு வேண்டாம் என்றார். அவரைப் பார்த்து யாராலும் மூடநம்பிக்கை என்று சொல்ல முடியவில்லை.

கதவை எடுத்துவிடலாம். ஆனால் டெல்லி ஒப்புக்கொண்ட படத்தில் நான்கு கதவுகள். ஒன்றைக் குறைத்தாலும் படம் திரும்பப் போக வேண்டும், போனால் வர ஒரு வருடம் ஆகும். திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்தாகிவிட்டது. தச்சர் நான்கு ஜோடிக் கதவையும் தேக்கில் செய்து முடித்து வைத்திருந்தார்.

கட்டுமானத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர், ஓங்கோல் பக்கத்துக்காரர், மதராஸில் படித்தவர். ஒரு கல்லில் இரண்டு வேலை முடித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தெற்கு இடைவெளி இரண்டையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரால் அடைக்கச் சொன்னார். வெளிப்பக்கம் பூசி வெள்ளையடித்தாயிற்று. அங்கே கதவு இருந்த தடமே இல்லை. கமிட்டிக்குத் திருப்தி. உள்பக்கம் அந்தச் சுவரின் மேலேயே நிலையை வைத்து, தேக்குக் கதவுகளை மாட்டி, பித்தளைக் கைப்பிடியும் தாழ்ப்பாளும் பொருத்தச் சொன்னார். உள்ளே நின்று போட்டோ எடுத்தால் நான்கு கதவுகள். டெல்லிக்கும் திருப்தி.

"வாள்ளகி கதவு, வீள்ளகி சுவரு. அவங்களுக்குக் கதவு, இவங்களுக்குச் சுவரு. இருவருக்கும் சந்தோஷம்" என்று அவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு எழுத்து வேலை வந்தது. படத்தில் நான்கு கதவுக்கு மேலும் பலகை போட்டிருந்தது. வெளியே போகும் வழி என்று மூன்று மொழியில், வெள்ளையில் சிவப்பு. தெற்கே போனபோது இஞ்சினியரிடம் கேட்டேன், இங்கேயும் எழுதவா என்று. படத்தில் இருக்கிறதா இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். அப்புறம் என்ன கேள்வி என்றார். எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவருக்கு வழி என்று பெயர் எழுதுகிறோம் என்றுகூட நினைக்கவில்லை. எழுத்து நேராக வருகிறதா, வர்ணம் வழியாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். நான்கில் மிக அழகாக வந்தது தெற்கில் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததுதான். தள்ளி நின்று ரொம்ப நேரம் ரசித்தேன்.

நான் கிளம்பிய அன்று காலை, விழாவுக்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒத்திகைக்குக் கூட்டி வந்தார்கள். மேடையில் சிலர், கீழே நாற்காலிகளில் மற்றவர்கள். நான் மேற்குச் சுவரில் ஏணி போட்டு ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை முடிந்ததும் டீச்சர் கை தட்டி, சாப்பாட்டுக்கு ஓடுங்கள் என்றார்.

ஓடினார்கள். கூடம் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்தது. வடக்குப் பக்கம் இருந்தவர்கள் வடக்கே ஓடினார்கள். தெற்குப் பக்கம் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்த கதவுக்கு ஓடினார்கள். எழுத்து படிக்கத் தெரிந்த பிள்ளைகள், கதவு பார்த்த பிள்ளைகள். முதலில் போனவர்கள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். தாழ்ப்பாளை நீக்கினார்கள். கதவு நன்றாகவே திறந்தது, தச்சர் அவ்வளவு நல்ல வேலைக்காரர். திறந்தால் செங்கல். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தள்ளினார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். முன்னால் இருந்த ஒரு பெண்ணின் கன்னம் செங்கல்லில் ஒட்டியிருந்ததை ஏணி மேலிருந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மூச்சு விட இடம் இல்லை.

டீச்சர்கள் ஓடிப் போய்ப் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண்ணின் முகத்தில் செங்கல் தேய்த்த சிவப்பு. வேறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் சாப்பிடப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சாப்பிட்டு வந்த பிறகும் நான்கைந்து பேர் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒத்திகையில் யாரும் எதற்கும் பயந்து ஓடவில்லை. சோற்றுக்கு ஓடினார்கள். மறுநாள் மாலை பெரியவர்களும் சேர்ந்து அறுநூறு எழுநூறு பேர் வருவார்கள். வடக்குச் சுவரில், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கரெண்ட் பெட்டி இருந்தது. படத்தில் அது மேற்கு அறையில் இருக்க வேண்டியது. கம்பி குறைவாக வந்ததால் வடக்கே வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாக மேடை விளக்குகளைச் சோதித்தபோதெல்லாம் அந்தப் பெட்டியில் தேனீ மாதிரி ஒரு சத்தம். அதில் ஏதாவது ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்க ஆறாம் வகுப்பு போதும்.

இஞ்சினியரிடம் போனேன். அவர் தோரணம் கட்டுபவர்களோடு நின்றிருந்தார்.

"சார், தெற்கு எழுத்தை அழிச்சிடறேன். கதவையும் கழட்டிடலாம். ஒரு மணி நேர வேலை."

"ஏமய்யா, நாளைக்கு டெல்லிலேர்ந்து டைரக்டர் வராரு. போட்டோல நாலு கதவு பாத்தவரு இங்க ரெண்டு பாத்தா என்ன கேப்பாரு?"

"காலையில பிள்ளைங்க..."

"பிள்ளைங்க தள்ளுவாங்க. அது அவங்க வேலை. விழா முடியட்டும், பாக்கலாம்."

"அப்ப சுவரை இடிச்சிடலாமா சார்?"

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "நீ பெயிண்டரா, ஆர்க்கிடெக்டா?"

"பெயிண்டர் சார்."

"அந்தத் தகரார் ஆர்க்கிடெக்டுக்கே இல்லை. அவரே பாத்து எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. உனக்கு என்ன?"

அப்போதுதான் பிரஷ்களைக் கழுவி டின்னில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே பார்த்தாரா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

போயின்பள்ளி வரை நடந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாரெட்பள்ளி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அமைதியான தெருக்கள். காம்பவுண்டுச் சுவருக்குள் மாமரம், வாசலில் ஸ்கூட்டர். ஆர்க்கிடெக்ட் வீட்டுப் படியில் அவருடைய மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். அப்பா இருக்காங்களா என்று தமிழில் கேட்டேன். அவளுக்குப் புரிந்தது. உள்ளே திரும்பி, யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெலுங்கில் கத்தினாள்.

"மம்மி, எவரோ ஒச்சாரு!"

அம்மா வந்தார். என் டின்னையும் மூட்டையையும் பார்த்தார். "எங்கிருந்து வாரிய? நடந்தா வந்திய? உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்." திருநெல்வேலிப் பேச்சு. அவர்களுடைய குடும்பம் செகந்திராபாத்தில் இரண்டு தலைமுறையாக இருந்தாலும் அந்தப் பேச்சு மாறவில்லை. சுவரில் வேத வசனம் எழுதிய காலண்டர்.

ஆர்க்கிடெக்ட் முகம் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பது வயது. கட்டிடத்துக்கு ஆரம்பத்தில் நாலைந்து முறை வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார்.

"என்னவே, எழுத்துக்காரர்தான நீரு? நாளைக்கு விழாவ வச்சிக்கிட்டு இங்க என்ன சோலி?"

சொன்னேன். செங்கல், பூச்சு, தேக்கு, கைப்பிடி, எழுத்து, காலையில் பிள்ளைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் அவர் நம்பவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து போட்டோக்களை எடுத்து என் முன் போட்டார். தெற்குக் கதவுகள் பளபளவென்று இருந்தன. அதற்கு மேலே என் எழுத்து. போட்டோவில் இன்னும் அழகாக இருந்தது.

"இத திறந்து பாத்தீங்களா சார்?"

கடைசி மூன்று மாதம் அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேறு வேலை இருந்திருக்கிறது. போட்டோவைப் பார்த்து, கட்டிடம் படத்தின்படி முடிந்தது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உள்ளே போய்ப் படத்தைச் சுருளாகக் கொண்டு வந்து தரையில் விரித்தார். நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்தோம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தோடு பேசுவது போல மெதுவாகப் பேசினார்.

"எல்லாரும் நெனைக்கது என்னன்னா, கூடம் கட்டுதவன் ஆளுவ எப்படி உள்ள வருவாவன்னு யோசிப்பான்னு. உள்ள வாரதுக்கு ஒரு வாசல் போதும்வே. வெளிய போறதத்தான் நான் மொதல்ல வரஞ்சேன். இந்தா, இந்தப் பக்கம் ஏதும் ஆச்சுன்னா அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஆச்சுன்னா இந்தப் பக்கம். மத்ததெல்லாம் அதுக்குப் பொறவுதான்." விரல் தெற்கே வெள்ளை இடத்தில் நின்றது. "சுடுகாடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மேற்க தள்ளியிருப்பேம்லா. சினிமா ரூமுக்கு ரெண்டு பக்கமும் வாசல் வச்சிருக்கலாம்லா. ஒருத்தனும் சொல்லலியே."

"கரெண்ட் பெட்டி வடக்குச் சுவத்துல இருக்கு சார்."

விரல் தெற்கிலிருந்து வடக்கே வந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

"இன்னிக்கே போன் போட்டுச் சொல்லுங்க சார். நான் பெயிண்டரு. என் பேச்சு எடுபடாது."

"என்ன சொல்லச் சொல்லுதீரு? பாக்காம கையெழுத்துப் போட்டேன்னா?"

அவருடைய மனைவி நிலைப்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"நாளைக்கு நமக்கு எந்தப் பக்கம் சீட்டு போட்டிருக்காவ?" என்று கணவரைக் கேட்டார்.

"எனக்கு மேடையில. உங்களுக்கு முன் வரிசை."

"நானும் பிள்ளையும் வரலை" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு இட்லி கொண்டு வந்து வைத்தார். உள்ளே போய்விட்டார்.

ஆர்க்கிடெக்ட் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு லெட்டர் தாளில் எழுத ஆரம்பித்தார். இரண்டு முறை கிழித்துப் போட்டார். மூன்றாவதை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. இங்கிலீஷ், பிரித்தாலும் எனக்குப் படிக்க வராது. "நாளைக்கு வருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன். "வரணும்லா" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்று இரவு செகந்திராபாத் ஸ்டேஷனில் படுத்தேன். மன்மாடு போகும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. டிக்கெட் இல்லாமல் ஏறி எனக்குப் பழக்கம்தான். ஏறியிருந்தால் மறுநாள் அந்தக் கூடத்தில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிய வந்திருக்காது. நான் படித்த செய்தித்தாள்கள் எல்லாம் பஜ்ஜி மடித்துக் கொடுத்தவை. வண்டி போன பிறகும் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான். யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விடிந்ததும் கம்பெனியின் முதல் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் என்னைத் தெரிந்தவர் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை.

இஞ்சினியர் ஏழு மணிக்கே வந்து, கூடத்தின் வாசலில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். உறையைக் கொடுத்தேன். பிரித்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கிளார்க்கைக் கூப்பிட்டு அதற்கு முத்திரை குத்தி எண் போடச் சொன்னார். ஒரு கடிதம் அங்கே எண் வாங்கிவிட்டால் அதற்குப் பதினைந்து நாள் கழித்துப் பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"பதில் எப்ப சார்?"

"முறைப்படி வரும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடும் பார்வை. எனக்கு அந்தப் பார்வை தெரியும். இரண்டு வேலையை ஒன்றாக முடிக்கும்போது வருவது.

அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. கூடத்துக்கு ஒரு காவலாள் பதவி ஒப்புதல் ஆகி நாலு மாதமாக ஆள் இல்லாமல் கிடந்தது. சாவி வைத்துக்கொள்ள வேண்டும், விழா நாட்களில் கதவருகில் நிற்க வேண்டும், பின்பக்க அறையிலேயே தங்க வேண்டும். சுடுகாட்டை ஒட்டித் தங்கக் குடியிருப்பில் ஒருவரும் வரவில்லை. மந்திரி வருகிற நாளில் சாவிக்குப் பொறுப்பாக ஒரு பெயர் வேண்டும் என்று பாதுகாப்புக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ்ளோ பயமாய்யா உனக்கு?"

"ஆமா சார்."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீயே போயி அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னுக்கோ. வரவன்கிட்டயெல்லாம் இது கதவு இல்லை, அது கதவுன்னு சொல்லு. இன்னிக்கு மட்டும் இல்லை, தினமும்."

பக்கத்தில் தோரணம் கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு தச்சரும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"சாவி என்கிட்டயா இருக்கும் சார்?"

"வேற யார்கிட்ட இருக்கும்?"

"ஆள் உள்ள இருக்கிறப்ப வடக்குக் கதவு ரெண்டும் பூட்ட மாட்டேன். தாழ்கூடப் போட மாட்டேன். மந்திரிக்கு வழி வேணும்னு ஒண்ணை மூடச் சொன்னாலும் மூட மாட்டேன்."

"மூடாதே. அது உன் பாடு."

"எழுத்தை அழிக்கலாமா?"

"படத்துல இருக்குய்யா" என்றார் அலுப்புடன்.

கிளார்க் ஒரு பாரம் கொண்டு வந்தார். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன், அவரே எழுதினார். படிப்பு, ஆறாம் வகுப்பு. முன் அனுபவம், பல. நிரந்தர முகவரி என்றார். எனக்கு அப்படி ஒன்று இல்லை. அவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு தானாகவே கூடத்தின் பெயரை எழுதிக்கொண்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலையை விட்டு ஒரு நாள் காலையில் சும்மா எழுந்து போக முடியாது என்று அப்போதே தெரிந்தது. நான் போன பிறகு நிற்க யாரும் வர மாட்டார்கள்.

தச்சர் என்னோடு உள்ளே வந்தார். தெற்குக் கதவுகளின் கைப்பிடியை இருவருமாகக் கழற்றலாமா என்று பார்த்தோம். அவர் திருகாணிகளை உள்ளே அறைந்து தலையைத் தேய்த்து வைத்திருந்தார். தேக்கைப் பிளந்தால்தான் வரும். வடக்குச் சுவரில் எலக்ட்ரீஷியன் மேடை விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். பெட்டி முனகியது.

"ரெண்டு கதவு பா" என்றார் தச்சர். "நீ ஒரு ஆளு. இன்னா பண்ணுவ?"

"நடுவுல நிப்பேன்."

"நக்கோ பா. கூட்டம் வந்தா மொதல்ல நசுங்கறது நீதான்."

நானும் அதை யோசித்திருந்தேன். இரண்டு கதவுக்கும் நடுவில் எத்தனை அடி என்று தெரியும். டேப் பிடித்தவன் நான்தான். வெளியே சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கடைசி ஒத்திகை. டீச்சர் வரிசையாக வரச் சொல்லிக் கத்துவது கேட்டது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தெற்குச் சுவருக்குப் போனேன்.